கடவு இல்லாத வேலி

போன வாரம் என் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோன கதையோடு நிறுத்தியிருந்தேன். படித்துவிட்டுச் சிரித்ததாகப் பலரும் சொன்னார்கள். இந்த வாரம் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம். என் மாமனார் கம்பி வேலியின் மேல் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கிறார். காலையிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு, சலவை வேட்டி கட்டி, தோளில் துண்டும் போட்டிருந்தார். எங்கோ புறப்பட்டவர் போலத்தான் இருந்தார். ஆனால் புறப்படவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், நாயுடு வீட்டு வாசலில் தென்னோலைப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பறைச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. ஊதுவத்திப் புகை காற்றில் எங்கள் மாட்டுக் கொட்டகை வரைக்கும் வந்தது.

நான் கொட்டகை நிழலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மாசமாக இருந்தேன். பிள்ளைத்தாச்சி எழவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று என்னை விட்டுவிட்டு, மாமியார் மட்டும் போயிருந்தார். மாமாவுக்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது. ஆனாலும் அவர் கம்பியை விட்டு அசையவில்லை.

உப்புத் தண்ணீர்

நான் கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூர் போனால் முதல் வாய்த் தண்ணீரைக் குடித்ததுமே முகத்தைச் சுளித்து, சிறுவாணியைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். பொள்ளாச்சிக்குக் கிழக்கே இந்தத் தோட்டத்துக்கு மருமகளாக வந்த மறுநாள் காலையில், அந்தப் பிரசங்கம் என் வாயிலேயே நின்றுவிட்டது. கிணற்றுத் தண்ணீர் அப்படி ஒரு உப்பு.

இங்கே வீடுகள் ஊருக்குள் இல்லை. அவரவர் தோட்டத்துக்குள் அவரவர் வீடு. ஊர் என்பது டவுன் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடையும், ஒரு பால் சொசைட்டியும், ஒரு கோயிலும்தான். ராத்திரி ஒரு பாம்பு வந்தாலும், ஒரு நெஞ்சுவலி வந்தாலும், சத்தம் போட்டால் கேட்கிற வீடு ஒன்றே ஒன்று. எங்களுக்கு அது நாயுடு வீடு.

என் கணவருக்கு மதுக்கரையில் வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடிகாலையில் போய்விடுவார். ஆகவே இந்தக் கதையில் அவர் அநேகமாக இருக்க மாட்டார். கேட்டால் அப்படியொன்றும் நடக்கவே இல்லை என்பார்.

உப்புத் தண்ணீரில் துணி துவைக்கலாம், மாட்டுக்குக் காட்டலாம். பருப்பை மட்டும் வேக வைக்க முடியாது. எவ்வளவு விறகு எரித்தாலும் பல்லில் கடிபடும். ஆனால் நாயுடு தோட்டத்துக் கிணறு நல்ல தண்ணீர். நிலத்துக்கு அடியில் என்ன கணக்கோ தெரியவில்லை. எங்கள் வீட்டுச் சமையலுக்கு வருசக்கணக்காக அந்தக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர்.

இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் கிளுவை வேலி இருந்தது. அதில் ஒரு இடத்தில் முள்ளை ஒதுக்கி, ஆள் நுழைகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். அதற்குக் கடவு என்று பெயர். என் மாமியாரை நான் அத்தை என்பேன். அத்தை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கடவில் குனிந்து நுழைந்தால் ரங்கம்மா கிணற்றடியில் இருப்பார். ரங்கம்மா, நாயுடுவின் மனைவி. நான் சின்னம்மா என்று கூப்பிடுவேன். குடம் நிரம்பி வெகுநேரம் ஆன பிறகும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு. அத்தைக்குத் தெலுங்கில் பூனையை விரட்டவும் மாட்டைத் திட்டவும் தெரியும். எல்லாம் ரங்கம்மா கற்றுக்கொடுத்ததுதான்.

சாம்பல் கோடு

கிளுவையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு கிளைப் போத்தை வெட்டி நட்டால் தானாக வேர் பிடிக்கும். முள் இருக்கும், இலையை ஆடு விரும்பித் தின்னும். யாரோ எந்தக் காலத்திலோ நட்டுவிட்டுப் போனது அப்படியே பெருகி நிற்கும்.

எங்கள் பக்கம் ஒவ்வொரு வருசமும் மழை ஓய்ந்ததும் மாமா வேலியைச் சுவர் மாதிரி ஒட்ட வெட்டிவிடுவார். அவருக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும், கொடியில் துணி கோணலாகக் காய்ந்தாலே பிடிக்காது. நாயுடு பக்கம் ஆடு கடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதனால் வேலி முழுக்க அந்தப் பக்கமே பரந்தது. கடைசியில் அதன் அகலத்துக்குள் ஒரு மாட்டு வண்டியை நிறுத்தி வைக்கலாம் போலிருந்தது.

உள்ளே பாம்பும் கீரியும் குடியிருந்தன. ரங்கம்மாவின் கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அப்போது எங்கே பார்த்தாலும் கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்டிக்கொண்டிருந்த காலம். நாமும் கிளுவையை எடுத்துவிட்டுக் கம்பி போட்டுவிடலாம் என்று மாமாவும் நாயுடுவும் ஒரே மனதாகப் பேசி முடித்தார்கள். இதில் எந்தச் சண்டையும் இல்லை. டீக்கடையில் ஒருவர் டீயை இன்னொருவருக்கு ஆற்றிக் கொடுத்துப் பேசிய பேச்சு அது.

ஆடி மாதத்தில் நாயுடு அந்தியூர்ச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனார். அவர் திரும்புவதற்குள் வேலையை முடித்து அசத்திவிட வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை. ஆட்களை விட்டுக் கிளுவையை வேரோடு பிடுங்கி, அந்த இடத்திலேயே போட்டுக் கொளுத்தினார். இரண்டு நாள் எரிந்தது. வேர்க் குவியலோடு சர்வே கல்லும் வந்து விழுந்திருந்தது. எல்லோரும் பார்த்தோம். அது எந்த இடத்திலிருந்து வந்தது என்று மட்டும் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

தீ அணைந்ததும் தோட்டத்தின் நீளத்துக்கு அகலமாக ஒரு சாம்பல் கோடு கிடந்தது. மாமா அதன் நட்டநடுவில் கயிறு பிடித்து, வரிசையாகக் கல்லை நட்டு, கம்பியை இழுத்துக் கட்டினார். அத்தை மட்டும் கடவு எங்கே என்று கேட்டார். முதலில் கம்பி விறைப்பாக நிற்கட்டும், அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்றார் மாமா.

நாயுடு புது மாடுகளோடு வந்து இறங்கினார். வேலியைப் பார்த்தார். கடைசிக் கல் வரைக்கும் நடந்து பார்த்தார். பிறகு, "இது மத்தி இல்லீங்க கவுண்டரே. நீங்க வருசா வருசம் கழிச்சுக் கழிச்சு வேலி எங்க பக்கம் தள்ளி வந்திருக்குது. வேர் இருந்த எடந்தானுங்க பொழி" என்றார். எங்கள் பக்கம் எல்லையைப் பொழி என்போம்.

வேலி என்றால் முழு அகலமும் வேலிதான், பாதி பாதி என்பதுதான் நியாயம் என்று மாமா சொன்னார். வேரைக் காட்டலாம் என்றால் வேர் எரிந்துபோயிருந்தது. எல்லை எது என்று சொல்வதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த வேலி. எல்லையைச் சரிசெய்கிறேன் என்று அதையே கொளுத்திவிட்டு நின்றார்கள் இரண்டு பெரிய மனிதர்கள்.

யார் சொன்னது சரி? நாயுடு சொன்னதுதான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இதை எழுதியதற்கு என் கணவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். பேசாமல் இருக்கட்டும். ஆனால் மாமா வேண்டுமென்றே செய்தார் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காசு வெட்டியது

பொங்கல் தாண்டும் வரைக்கும் முணுமுணுப்பாகவே போனது. அளக்க வரச் சொல்லி மனுப் போட்டார்கள், ஆள் வரவில்லை. பிறகு ஒருநாள் காலை, பால் சொசைட்டியில், கேனோடு வரிசையில் நின்றவர்கள் எல்லோர் முன்னாலும், நாயுடு வாயை விட்டுவிட்டார். "பொழி தின்னவருங்க நீங்க" என்று சொன்னார்.

எங்கள் பக்கம் திட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். அதனால் அடி குறையாது. பொழியைத் தின்றவன் என்பதைவிடப் பெரிய வசவு ஒரு விவசாயிக்குக் கிடையாது. மாமா பாலை ஊற்றாமலே கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். 

அடுத்த வெள்ளிக்கிழமை ஊர் எல்லையில் இருக்கும் அம்மன் கோயிலுக்குப் போய்க் காசு வெட்டிப் போட்டார். சாமிக்கு முன்னால் ஒரு கல் இருக்கும், பக்கத்தில் ஒரு உளி இருக்கும். நியாயம் கேட்கிறவர் ஒரு காசைக் கல்லில் வைத்து இரண்டாக வெட்டிப் போட வேண்டும். பொய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து வம்சத்தை அம்மன் கேட்பாள். அதுவரைக்கும் இரண்டு வீட்டுக்கும் நெருப்பு, தண்ணீர் புழக்கம் கூடாது. பேச்சும் கூடாது.

அன்று சாயங்காலம் அத்தை வழக்கம்போலக் குடத்தை எடுத்தார். வாசல் வரைக்கும் போய்விட்டு, திரும்பி வந்து, கவிழ்த்து வைத்துவிட்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பருப்பு வேகவே இல்லை.

அடுத்த வருசம் எனக்கு முதல் கரு தங்காமல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. திண்டாடிப்போன மனுசர், வேலிப் பக்கமே போய் நின்றார். அம்மன் பதில் சொல்லிவிட்டாளோ என்று அவர் பயந்தார். அவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்தது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. என் பிள்ளை இவர்கள் வேலிக்குச் சாட்சியா என்று நினைத்தேன்.

அந்தக் கோடையிலேயே ரங்கம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மன் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டாள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

மாட்டோடு பேச்சு

காலை வெயிலுக்காக ரங்கம்மாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்து வேலியோரம் வேப்பமரத்தடியில் போடுவார்கள். அத்தைக்கு அந்த நேரத்தில்தான் வேலியோரம் மாட்டைக் கட்ட வேண்டியிருக்கும். கம்பிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். பேசக் கூடாது என்று சத்தியம். மாட்டோடு பேசக் கூடாது என்று யாரும் சத்தியம் செய்யவில்லை.

"ஏஞ் செவலை, பக்கத்தூட்டுல விடிய விடிய லைட்டு எரிஞ்சுதே, தூக்கமில்லையான்னு கேளு" என்பார் அத்தை.

ரங்கம்மா காலடியில் மேயும் கோழியிடம் பதில் சொல்வார். நோவு தாங்கவில்லை என்று சொல், அக்கா வீட்டில் பருப்பு வேகிறதா என்று கேள் என்பார். வேகவில்லை என்று அத்தை மாட்டிடம் சொல்வார். முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை வரவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் ரங்கம்மா கோழியிடம் இதைச் சொன்னார்: "சாகற நேரத்துல எனக்குப் பாலு வேண்டாம். அக்கா கையில ஒரு வாய் தண்ணி கெடச்சாப் போதும்னு சொல்லு."

அத்தை கையிலிருந்த மாட்டுக் கயிற்றைக் கீழே போட்டார். எழுந்து உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் அப்போது மறுபடியும் மாசமாக இருந்தேன். போங்கள் அத்தை, தண்ணீர் கொடுத்தால் ஒன்றும் ஆகாது, காசாவது உளியாவது என்றேன். பட்டம் படித்தவளின் வாய்.

"எம்பட சினேகிதத்துக்கு உம்பட வயித்துப் புள்ளையப் பணயம் வெக்கறதா அம்மணி?" என்றார்.

 உண்மையைச் சொல்கிறேன், போங்கள் என்று சொல்லும்போதே என் கை வயிற்றின் மேல்தான் இருந்தது. எனக்கும் பயம்தான்.

வெட்டிய காசைக் கூட்டுவதற்கு ஒரு வழி இருந்தது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து கோயிலுக்குப் போய், ஒரு முழுக் காசை வைத்து, ஒரே சொம்பில் தீர்த்தம் வாங்கிக் குடிக்க வேண்டும். அத்தை அன்று மாமாவிடம் கேட்டார். பொழி தின்னவன் என்று சொன்னவர் வந்து கூப்பிடட்டும் என்றார் மாமா. நாயுடுவிடம் அவர் மகன் ரவி கேட்டானாம். காசு வெட்டியவர் வந்து கூப்பிடட்டும் என்றாராம் நாயுடு. அவன் பீளமேட்டில் மோட்டார் பட்டறை வைத்திருந்தான். அம்மாவைப் பார்க்க வாரத்துக்கு இரண்டு தடவை வந்துபோவான்.

பூசாரி சொன்னது

ஒரு வெள்ளிக்கிழமை என் பிரசவம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று அத்தை என்னை அதே அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அந்தக் கல்லைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. பூசாரியிடம் நேராகவே கேட்டேன். ஆம்பிளைகள் இரண்டு பேரும் கடைசி வரைக்கும் வரவில்லை என்றால் என்ன செய்வது?

அவர் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "அம்மனுக்கு ஊடுதானுங்க கணக்கு, ஆம்பள பொம்பள கணக்கில்ல. ஊட்டுக்கு ஒருத்தரு வந்தாப் போதுமுங்களே" என்றார்.

இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஆரும் கேக்கலீங்களே அம்மணி" என்றார்.

அத்தை அப்படியே கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் கேட்கவில்லை என்பது நிஜம்தான். போய்க் கேட்டால் இறங்கி வந்ததாக ஆகிவிடும் என்று மாமாவும் கேட்கவில்லை, நாயுடுவும் கேட்கவில்லை. அவர்கள் வெட்டினால் அவர்கள்தான் கூட்ட வேண்டும் என்று நாங்களும் சும்மா இருந்தோம். இரண்டு வருசத்துப் பருப்பு அப்படித்தான் வேகாமல் போனது.

பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தை கூடுகிற வியாழக்கிழமை மாமா வீட்டில் இருக்க மாட்டார். அந்த வியாழன் நாயுடுவும் உரம் வாங்கப் போயிருந்தார். அத்தை மாட்டிடம் சொன்னது ரங்கம்மா வழியாகப் போய், ரவி ஒரு மாருதி வேனைக் கொண்டுவந்தான். ரங்கம்மாவைப் பின் சீட்டில் படுக்க வைத்து, தலையை அத்தையின் மடியில் வைத்தோம். இரண்டு பேரும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. காசு கூடுகிற வரைக்கும் பேசக் கூடாது, வேனில் மாடும் இல்லை, கோழியும் இல்லை.

ரவி அம்மாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியேறினான். அவரிடம் எடை என்று ஒன்றும் மிச்சமில்லை. காசை இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து வைத்தார்கள். பூசாரி சொம்பை நீட்டினார். அத்தை முதலில் ரங்கம்மாவின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.

ரங்கம்மா விழுங்கிவிட்டு, "உங்க ஊட்டுத் தண்ணியாட்டவே உப்புக் கரிக்குதுங்க்கா" என்றார்.

அத்தை சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. நானும் அழுதேன்.

வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார். சொன்னால் மாமா தன் பின்னால் செய்ததாக நினைத்து மறுபடியும் போய் வெட்டினாலும் வெட்டுவார். அதற்கப்புறம் ஒவ்வொரு வியாழனும், நாயுடு வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அத்தை ரோட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு ரங்கம்மாவிடம் போனார். கஞ்சி புகட்டினார், தலை சீவிவிட்டார். ஒரு குடம் நல்ல தண்ணீர் மட்டும் கொண்டுவரவில்லை. பருப்பு வெந்தால் மாமாவுக்குத் தெரிந்துவிடுமே.

எழவுக்கு அழைப்பில்லை

தை மாதத்தில் ஒரு விடிகாலை ரங்கம்மா போய்விட்டார். அத்தை குளித்துவிட்டுப் புறப்பட்டார். மாமா வாசலில் மறித்து, காசு கெடக்குது, போகாதே என்றார்.

"அது நீங்க வெட்டுன காசுங்க. நானும் ரங்கம்மாளும் போய் அதக் கூட்டி ரெண்டு மாசமாச்சு" என்று சொல்லிவிட்டு அத்தை ரோட்டில் இறங்கி நடந்தார்.

மாமா கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டார். சலவை வேட்டி கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். நேராகப் போய் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு அழைக்காமல் போகக் கூடாது, எழவுக்கு அழைக்க மாட்டார்கள். தானாகத்தான் போக வேண்டும். அவருக்கும் இது தெரியும். ஆனால் பெண்கள் கூட்டிய காசு தன்னையும் சேர்த்ததா, நாயுடு தன்னை வாசலில் ஏற்றுவாரா என்ற தயக்கத்திலேயே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. போங்க மாமா என்று இரண்டு தடவை சொன்னேன். கம்பியைத்தான் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

பொழுது சாயத் தொடங்கியதும் பறையின் அடி மாறியது. எடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். மாமா சட்டென்று குனிந்து இரண்டு கம்பிக்கு நடுவில் நுழையப் பார்த்தார். அவரே நின்று முறுக்கிக் கட்டிய கம்பி, அசையவில்லை. வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிந்தது. கையை எடுத்தபோது உள்ளங்கையில் ரத்தம். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

ரோட்டு வழி என்றால் எங்கள் தோட்டத்தைச் சுற்றி, அவர்கள் தோட்டத்தையும் சுற்ற வேண்டும். அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லோரும் சுடுகாட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்கள். வாசலில் பெண்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்களாம். மாமா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

இருட்டுவதற்கு முன்னால் அத்தை வீட்டுக்கு வந்தார். இடுப்பில் ஒரு குடம். எழவு வீட்டில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள் என்பதால் அவர்களுக்குச் சாப்பாடு நாங்கள்தான் செய்ய வேண்டும். அத்தை குடத்துத் தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றிப் பருப்பைப் போட்டார். அது ரங்கம்மாவின் கிணற்றுத் தண்ணீர். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, நான் போக முடியாத அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னார்.

காசு கூட்டியதை ரங்கம்மா சாவதற்கு முந்தின நாள் நாயுடுவிடம் சொல்லியிருக்கிறார். கவுண்டரண்ணன் வருவார், அவர் வராமல் என்னைத் தூக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். காலையிலேயே எல்லாம் தயார். நாயுடு மட்டும் இருங்க, இருங்க என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆள் அனுப்பட்டுமா என்று அத்தை எழுந்திருக்கிறார். எழவுக்குக் கூப்பிட்டா வர வைப்பது, அவராக வரட்டும் என்று நாயுடு தடுத்துவிட்டாராம்.

சுடுகாட்டிலிருந்து ஈரத் துணியோடு திரும்பிய நாயுடு, வாசலில் மாமாவைப் பார்த்ததும் நின்றாராம். மாமா எழுந்து கையைக் கூப்பினாராம்.

"கம்பிகிட்ட நின்னுட்டிருந்ததக் காலையில இருந்து பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்" என்றாராம் நாயுடு. "வந்துருவீங்கன்னுதான் பொழுது சாயற வரைக்கும் வெச்சிருந்தமுங்க கவுண்டரே."

மாமா குனிந்து கிழிந்த வேட்டியைப் பார்த்தாராம். ஒன்றுதான் சொன்னாராம்.

"கடவு வெக்காம உட்டுட்டனுங்க."

அத்தை கரண்டியால் இரண்டு பருப்பை எடுத்து விரலில் வைத்து நசுக்கிப் பார்த்தார். பூவாக வெந்திருந்தது. கடைந்து, போசியில் ஊற்றி மூடி, சோற்றுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, மறுபடியும் ரோட்டு வழியாகவே சுற்றிக்கொண்டு நாயுடு வீட்டுக்கு நடந்தார்.